நாலு இருமல்

டெய்லருக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் கிடையாது. ஆனாலும் கடையில் இருக்கும் நேரமெல்லாம் இருமுவார். வந்தவரைப் பலகைமேல் நிற்கவைத்து, இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டு, "முப்பத்திரண்டு" என்று கணீரென்று சொல்வார். பிறகு லேசாக ஓர் இருமல். தையல் மெஷினுக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி முப்பத்திநாலு என்று எழுதிக்கொள்வாள். ஓர் இருமலுக்கு இரண்டு அங்குலம். கல்யாணமான புதிதில் இருவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இது. அப்போது போட்ட மற்ற ஒப்பந்தங்களில் பாதி காற்றோடு போய்விட்டது. இது மட்டும் நின்றது.

தொழில் தொடங்கிய முதல் வருஷம் அவரும் உண்மை பேசிப் பார்த்தவர்தான். ஒருவரை அளந்து, அவர் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போதே, "நாற்பது" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். உடம்பு பெருத்தவன் உடம்பைத் திட்டமாட்டான், டெய்லரைத்தான் திட்டுவான் என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பேண்ட்டின் உள்பட்டியில் சொன்ன எண்ணைத் தைப்பார், பேண்ட்டை இருக்கிற உடம்புக்குத் தைப்பார். ஊரில் பாதி ஆண்கள் இருபத்தைந்து வயது இடுப்போடு ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது இவர் புண்ணியத்தில்தான்.

அதில் முதல் ஆள் அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன், பஸ் டிரைவர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே வளர்ந்த தொப்பை. இருபது வருஷத்தில் இருமல் ஒன்றிலிருந்து நாலு ஆகிவிட்டது. மச்சானோ தன் இடுப்பு முப்பத்திநாலைவிட்டு அசையவில்லை என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வினை வந்தது டிரைவர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில். டாக்டர் டேப் வைத்துப் பார்த்துவிட்டு, இடுப்பு நாற்பத்திரண்டு, இப்படியே போனால் இதயம் தாங்காது, நட என்றார். மச்சான் நேராகத் தையல் கடைக்கு வந்து பெஞ்சில் சாய்ந்தார்.

"முப்பது வருஷமா டேப் பிடிக்கிறவன் முப்பத்திநாலுங்கிறான். நேத்து வந்த டாக்டர் நாப்பத்திரண்டுங்கிறான். நீயே சொல்லு மாப்ளே, அந்த ஆளுக்கு டேப் பிடிக்கத் தெரியுமா?"

டெய்லர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நூல் ஏறவே இல்லை.

பக்கத்தில் இருந்தவர் இன்னோர் ஊசி. ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர், ஆளும் ஊசி மாதிரி ஒல்லி, கூப்பிடுவதும் ஊசி என்றே. பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பேரும் ஒன்று. அவர் சொன்னார்: "எதுக்குச் சண்டை? இலை உதிரும்போது வருஷா வருஷம் மலை ஏறினவங்கதானே நாம. விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. இந்த ஞாயித்துக்கிழமை போவோம். மச்சான் கதவுல நுழைஞ்சா டாக்டர் பொய். நுழையலன்னா டெய்லர் பொய்."

மனைவியின் மெஷின் சத்தம் நின்றது.

கதவு என்பது உச்சிக்குக் கீழே பாறை இரண்டாகப் பிளந்த இடம். பலகையும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை, ஒருக்களித்து நுழைய ஒரு சந்து. அதில் புகுந்தால் பத்தடியில் உச்சி. வேண்டாமென்றால் சரளைச் சரிவைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்தும்போது மனைவி சொன்னாள்: "எங்கண்ணனை அந்தச் சந்துக்குள்ள மட்டும் விடாதீங்க."

"நீ சொல்லேன் அவர்கிட்ட."

"இருமினது யாரு? நானா?"

ஞாயிறு காலை கிளம்பினார்கள். மரமெல்லாம் செம்பும் மஞ்சளுமாக உதிர்ந்துகொண்டிருந்தது. பார்க்க அழகு, மிதிக்க எமன். ஈர இலைக்கு அடியில் கல் எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாது. காடு முடிந்து பாறை தொடங்கியதும் கையும் காலுமாக ஏற வேண்டியிருந்தது. முன்னால் ஊசி, நடுவில் மச்சான், கடைசியில் டெய்லர். ஆக, மேலே நிமிரும்போதெல்லாம் டெய்லர் பார்த்தது மலையை அல்ல, தான் தைத்த பேண்ட்டின் பின்புறத்தை. ஒவ்வொரு எட்டுக்கும் அந்த நடுத்தையல் விண்ணென்று இழுபட்டது. அந்தத் தையலை எத்தனை தடவை பிரித்துவிட்டிருக்கிறோம் என்று அவர் கைக்குத்தான் தெரியும்.

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தார்.

முதல் தடவை, "மச்சான், ஒரு விஷயம்" என்றதும் மச்சான் திரும்பி, "மூச்சு வாங்குதா? வயசாயிடுச்சு மாப்ளே உனக்கு" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இரண்டாவது தடவை ரொட்டியும் அவித்த முட்டையும் பிரித்த இடத்தில். மச்சான் நாலாவது முட்டையை உரித்துக்கொண்டே, "பாரு, இவ்வளவு தின்னும் உடம்புல ஒட்டல" என்றார்.  மூன்றாவது தடவை சொல்ல வாய் திறந்தபோது கதவே வந்துவிட்டது.

மேகம் கீழிறங்கியிருந்தது. பாறை தொட்டால் சுட்டது, குளிரில். ஊசி பையைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டு, நூல் போகிற மாதிரி போய் அந்தப் பக்கம் நின்று, "வா மச்சான்" என்றார்.

டெய்லர் சந்தின் இடுக்கில் கையை விரித்து வைத்தார். ஒரு சாண், மூன்று விரல். மச்சானின் முன்வயிற்றிலிருந்து முதுகுவரை, பஞ்சு வைத்த கோட்டோடு சேர்த்து, ஒரு சாண் அஞ்சு விரல். இதற்கு டேப் வேண்டியதில்லை.

"சுத்து வழில போயிடலாம் மச்சான். எனக்கு முட்டி வலிக்குது."

"உன் முட்டி சுத்தட்டும். என் இடுப்பு நேரா போகும்."

அவர் ஒருக்களித்து நுழைந்தார். வயிற்றை எக்கிக்கொண்டு நாலடி நன்றாகவே போனார். சந்தின் நடுவில் தரை கிடையாது. கீழே பிளவு குறுகிக்கொண்டே இருட்டுக்குள் இறங்கும், பாறையின் விளிம்பில் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து நகர வேண்டும். அங்கே ஈர இலை ஒன்று கிடந்தது. மச்சானின் கால் வழுக்கியது.

அவர் விழவில்லை. விழ இடம் வேண்டுமே! இரண்டு பாறைக்கும் நடுவில், காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், ஆணியடித்தது போல நின்றார்.

"ஒண்ணுமில்ல. கோட்டு மாட்டுது" என்றார். குரலில் காற்று குறைவாக இருந்தது.

"மூச்சை முழுசா வெளிய விடு. நான் இழுக்கிறேன்" என்று அந்தப் பக்கமிருந்து ஊசி கையைப் பிடித்தார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

மச்சான் மூச்சை விட்டார். ஊசி இழுத்தார். ஆள் முன்னால் போகவில்லை.

டெய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். பாறையில் வெள்ளையாக ஒரு கீற்று. கோட்டின் தோள்தையல் அதற்கு ஓர் அங்குலம் மேலே இருந்தது. மச்சான் மறுபடி மூச்சை விட்டார். தையல் கீற்றுக்கு நேராக வந்தது. இன்னொரு மூச்சு. தையல் கீற்றுக்குக் கீழே. விடும் மூச்சில் வயிறு சுருங்குகிறது, ஆள் இறங்குகிறார்; இறங்கிய இடம் இன்னும் இறுக்கம், அடுத்த மூச்சை இழுக்க இடமில்லை. துணியைக் கிளிப் போட்டு இறுக்குவது போல மலை அவரை இறுக்கிக்கொண்டிருந்தது.

"இழுக்காதே!" என்று டெய்லர் கத்தினார். "மச்சான், மூச்சை விடாதே! முன்னால போகாதே! பின்னால வா!"

"எதுக்கு? இன்னும் ரெண்டடிதான். முப்பத்திநாலுக்கு... தாராளமா போகும்."

"போகாது."

"நீ தச்சதுதானே. உள்ள போட்டிருக்கியே."

"மச்சான், உன் இடுப்பு முப்பத்தி..." என்று வாய் பழக்கத்தில் தொடங்கியது. தொண்டையும் பழக்கத்தில் இருமியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பாறைக்குள் அது நாற்பது இருமலாக எதிரொலித்தது.

"இருமித் தொலையாதடா. சொல்லு!"

"நாப்பத்திரண்டு."

பாறைக்குள்ளிருந்து கேள்வி வந்தது.

"டாக்டர்கிட்ட எதுவும் வாங்கினியா?"

"இல்ல மச்சான். டாக்டர் சொன்னது சரி. ஒரு இருமலுக்கு ரெண்டு அங்குலம். உன் தங்கச்சி கணக்கு எழுதுவா. உனக்கு நாலு. முதல் இருமல் உன் பொண்ணு பிறந்த வருஷம்."

அந்தப் பக்கம் ஊசிக்குச் சிரிப்பு பீறிட்டது. மச்சானின் முகம் பாறையோடு ஒட்டி, கண் மட்டும் டெய்லர் பக்கம் திரும்பியது. உதடு விரிந்தது, சிரிக்கவா திட்டவா என்று அதற்கே தெரியவில்லை.

"சிரிக்காதே மச்சான்! திட்டவும் திட்டாதே! ரெண்டுக்கும் மூச்சுப் போகும்! கீழ போய் நாள் பூரா திட்டு, நான் கேட்டுக்கறேன்!"

மச்சான் வாயை மூடிக்கொண்டார். மூக்கால் பொட்டுப் பொட்டாக மூச்சுவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது.

டெய்லர் சந்துக்குள் நுழைந்தார். நுழைந்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. அவர் இடுப்பை அளப்பது மனைவி. முப்பது என்பாள். அவள் இருமியதாக ஞாபகமில்லை. ஆனால் இந்த மாதிரி விஷயங்கள் ஞாபகமிருக்கும்படியா செய்வார்கள்? முதுகை ஒரு பாறையிலும் முட்டியை எதிர்ப்பாறையிலும் முட்டுக்கொடுத்து, கீழே பார்க்காமல், மச்சானின் ஆடிக்கொண்டிருந்த காலைப் பிடித்துத் தன் தொடைமேல் வைத்தார்.

"மிதி."

"தாங்குவியா?"

"எவ்வளவுன்னு எனக்குத்தான் தெரியுமே. மிதி."

மச்சான் மிதித்தார். டெய்லருக்குத் தொடை கழன்றுவிடும் போல இருந்தது. முட்டி வழுக்கினால் இரண்டு பேரும் ஒரே பொட்டலம்தான். சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னக் கத்தரியை எடுத்துப் பல்லால் உறையை உருவினார். கோட்டின் முதுகுத்தையலில் நுனியை விட்டார். அவர் தைத்த கோட்டு, இரட்டைத் தையல். இவ்வளவு நன்றாகத் தைத்திருக்க வேண்டாம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தார். கத்தரி ஓர் அங்குலம் தின்றது, இன்னோர் அங்குலம். விரல் விறைத்து ஒரு தடவை கத்தரி நழுவி, மச்சானின் பெல்ட்டில் மாட்டி நின்றது. அந்தத் தொப்பை இல்லையென்றால் கத்தரி பாதாளத்துக்குப் போயிருக்கும்.

கோட்டு இரண்டாகி வந்தது. பெல்ட்டை அறுத்தார். பேண்ட்டின் நடுத்தையலைப் பிரித்தார். அது சுலபம், அந்த இடத்தில் எப்போதும் பிரிப்பதற்கென்றே தைப்பார்.

"இப்ப மெல்ல மூச்சை இழு. அந்தக் காலை என் தோள்ல வை. மேல அகலம். மேல போ, அப்புறம் பின்னால. அவசரப்படாதே."

தோள்தையல் இப்போது இல்லை, அதனால் மச்சானின் காதை அடையாளம் வைத்தார். காது வெள்ளைக்கீற்றுக்குக் கீழே இருந்தது. நேராக வந்தது. மேலே போனது. டெய்லரின் தோளில் எலும்பு ஒன்று சத்தம் போட்டது. பாறையில் பனியன் கிழியும் ஓசை, அதில் தோலும் கொஞ்சம். பிறகு சட்டென்று பாரம் போய்விட்டது.

டெய்லர் வெளியே வந்தபோது மச்சான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். பேண்ட் கொடிபோல் பறக்க, வயிறு சிராய்த்துச் சிவந்து, பல் கிடுகிடுக்க. டெய்லர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். முன்பக்கம் இரண்டு சாண் எட்டவில்லை.

மச்சான் அந்த இடைவெளியைக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். திட்டவில்லை.  திட்டியிருந்தால் டெய்லர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மூன்று வாரம் அவர் கடைப்பக்கம் வரவில்லை. டிப்போவுக்கு நடந்தே போகிறார் என்று ஊசி வந்து சொன்னார். "என்னைப் பத்தி என்ன சொன்னான்?" என்று டெய்லர் கேட்டார். "நீ இருக்கிறதாவே பேச்சில்ல" என்றார் ஊசி.  மனைவி சோற்றைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், அவ்வளவுதான்.

நாலாவது வாரம், பேங்க் மேனேஜர் அளவு கொடுக்கக் காத்திருந்த நேரத்தில், மச்சான் உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் பலகைமேல் ஏறி நின்று கையைத் தூக்கினார்.

"அளவு எடு. சத்தமா சொல்லு."

டெய்லர் டேப்பைச் சுற்றினார்.  "நாப்பத்தி ஒண்ணு."

மனைவி பென்சிலைத் தூக்கியபடி காத்திருந்தாள்.  இருமல் வரவில்லை. அவள் எழுதினாள்.

"ஒரு அங்குலம் இறங்கியிருக்கு" என்றார் டெய்லர்.

"கோட்டு ஒண்ணு தச்சுக் குடு. நீதான் கிழிச்ச" என்று சொல்லி மச்சான் இறங்கி, தன் பழைய பெஞ்சில் பழையபடி சாய்ந்தார். டெய்லருக்குக் கண் மங்கியது. டேப்பின் எண்களைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் பலகைமேல் ஏறினார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். டேப் நாற்பது காட்டியது. டெய்லர் அதைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்து, எதிர்க்கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"முப்பத்தாறு" என்றார். இருமத் தைரியம் வரவில்லை.

டெய்லரின் மனைவி பென்சிலோடு நிமிர்ந்தாள்.

மச்சான் மேனேஜரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். பஸ் ஹாரன் போல இரண்டு தடவை இருமினார்.

அவள் நாற்பது என்று எழுதிக்கொண்டாள்.

"டிரைவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று மேனேஜர் கேட்டார்.

"மலைக்குப் போயிருந்தோம் சார்" என்றார் மச்சான். "அங்க பிடிச்சது."