சைக்கிளை எண்ணித் தேடிய பள்ளிக்கூடம்

அன்று எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் கணவர், என் அண்ணையின் மனைவி, பக்கத்து வளவில் குடியிருந்த தபால்கந்தோர் அண்ணை, என் மடியில் ஐந்து வயது மகள். வேறு ஒருவரும் இல்லை. இதைத் திட்டமாகச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தப் பள்ளிக்கூடத்தை முதலில் சொன்னது தான்தான் என்று பிறகு கொக்குவிலில் குறைந்தது பத்துப் பேராவது உரிமை கொண்டாடினார்கள். அவர்களில் எவரையும் அன்று எங்கள் முற்றத்தில் நான் காணவில்லை.

மகளை முதலாம் ஆண்டுக்குச் சேர்க்க வேண்டும். விண்ணப்பம் கொடுக்கும் காலம் வந்துவிட்டது. சண்டையால் ரயில் நின்று, மின்சாரம் நின்று, பெற்றோலும் நின்றுபோன நாட்கள் அவை. என் கணவர் ஓட்டிய வான் கொல்லைப்புறத்தில் நாலு கல்லின் மேல் ஏறி இருந்தது. அவர் சைக்கிளில் விறகு கட்டி யாழ்ப்பாண ரவுணுக்குக் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தார். ஊரில் எது நின்றாலும் எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்ற கதை மட்டும் நிற்கவில்லை. கிணற்றடியில் அதுதான் கதை, கோயிலில் அதுதான் கதை, குண்டுச் சத்தம் ஓய்ந்து வீதிக்கு வந்தாலும் அதுதான் கதை.

அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். அவருடைய மகன் ரவுணில் பெரிய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அதைவிட்டால் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடமே கிடையாது என்பது அவருடைய தீர்மானம். அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனையில் அங்கே பாஸ் பண்ணிய பிள்ளைகளை எண்ணக் கைவிரல் காணாது என்றார். வாத்தியார்மார் நேரத்துக்கு வருவார்கள், பிள்ளைகள் சப்பாத்துப் போடுவார்கள் என்றார். தபால்கந்தோர் அண்ணை தேத்தண்ணியை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்ல வாயைத் திறந்தார்.

"அது பழைய கதை, தங்கச்சி. இப்ப சனம் வேறை பக்கம் திரும்பிட்டுது. ரவுணுக்குப் போற வழியிலை அந்த வாகைமரப் பள்ளிக்கூடம் இருக்கெல்லே? காலமை ஏழு மணிக்கு அதின்ரை மதிலிலை சைக்கிள் சாத்த இடமில்லை."

"உந்தச் சின்னப் பள்ளிக்கூடமோ? அங்கை ஆர் படிக்கினம்?" என்றார் மச்சாள்.

"படிக்காட்டி உவ்வளவு தாய்தேப்பன்மாரும் ஏன் வெய்யிலுக்கை நிக்கினம்? எல்லாருக்கும் விசரே? நான் ஒவ்வொரு நாளும் அந்த வழியாலைதான் கந்தோருக்குப் போறன். கண்ணாலை பாக்கிறன்."

சைக்கிள் என்றால் அப்போது எங்களுக்கு அத்தாட்சி மாதிரி. எந்த டொக்டர் கைராசிக்காரர், எந்த ரியூட்டரியில் கணக்கு நன்றாகப் படிப்பிக்கிறார்கள், எந்த வீட்டில் கல்யாணம் பெரிது, எல்லாவற்றையும் வாசலில் நிற்கும் சைக்கிள்களை வைத்துத்தான் முடிவு செய்தோம். சைக்கிள் பொய் சொல்லாது என்று நம்பியிருந்தோம்.

ஆனாலும் மச்சாள் விடவில்லை. பெரிய பள்ளிக்கூடத்தில் சும்மா சேர்க்கமாட்டார்கள், பிள்ளையைவிடத் தாயைத்தான் கூடக் கேள்வி கேட்பார்கள் என்றார். "வீட்டிலை ஆர் சொல்லிக் குடுக்கிறதெண்டு பாப்பினம். விண்ணப்பத்திலையே தாய் என்ன படிச்சதெண்டு ஒரு இடம் இருக்கு." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, முருங்கை மரத்தைப் பார்த்தார். குத்திக் காட்டுகிற ஆள் இல்லை அவர். என்னைப் பார்க்காமல் சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் பட்டது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா வருத்தம் வந்து படுத்துவிட்டார், தம்பிமாருக்குச் சமைக்க ஆள் வேண்டியிருந்தது, மறித்துவிட்டார்கள். அதைப் பற்றி எனக்கு யாரிலும் கோபம் கிடையாது. ஆனால் என் எட்டாம் வகுப்பு என் பிள்ளையின் வாசலை அடைத்துவிடுமோ என்ற பயம், அவள் பிறந்த நாள் தொடக்கம் என்னோடு இருந்தது. சின்ன வயதிலிருந்தே நான் பயந்தவள்தான். மழை வந்தால் பயம், வராவிட்டால் கிணறு வற்றிவிடும் என்று பயம். ஆனால் இந்தப் பயத்தை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, என் கணவருக்கும்கூட.

அடுத்த நாள் கீரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வாகைமரப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனேன். அறுபத்துமூன்று சைக்கிள். இரண்டாம் நாள் எழுபத்தொன்று. மூன்றாம் நாள் எண்ணி முடிப்பதற்குள் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டு ஓடிவந்துவிட்டேன். மூன்று நாளும் போகும்போதே கீரை வாங்கியதால் வீட்டில் மூன்று நாளும் கீரைக்கறி. என் கணவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "நீர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை சேர்க்கப் போறீரோ, சைக்கிள் பார்க்கிலை விடப் போறீரோ?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. எழுபத்தொரு பேர் விசாரித்துத் தெரிந்துகொண்ட பள்ளிக்கூடம் பிழையாக இருக்காது என்றேன். அங்கேயும் கேள்வி கேட்பார்களோ என்ற யோசனையை மட்டும் எனக்குள் வைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் விடியவே வெளிக்கிட்டேன். பொலித்தீன் பையில் மகளின் பிறப்புப் பத்திரமும், இந்த ஊரில்தான் இருக்கிறோம் என்று விதானையார் கொடுத்த கடிதமும். மதிலோரம் வாகை நிழலில் ஏற்கெனவே நீண்ட வரிசை. கடைசியில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். என்னைவிட வயது குறைவு, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. குருநகரில் வீடு உடைந்து, கொக்குவிலில் சொந்தக்காரர் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். அவளுடைய கையிலும் ஒரு பொலித்தீன் பை இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஒன்றரை மணித்தியாலம் நின்றிருப்போம். வரிசை அசைந்தபோது பள்ளிக்கூட வாசலுக்குள் போகாமல், வாசலைத் தாண்டி ஒழுங்கைக்குள் திரும்பியது. அங்கே சுவரோரமாக வெறும் கலன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீளத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஆட்கள் நிழலில் நிற்க, கலன்கள் அவர்களுக்காக வெய்யிலில் வரிசையில் நின்றிருக்கின்றன. ஒவ்வொருவராகத் தங்கள் கலனைத் தூக்கிக்கொண்டார்கள். இது வேறு ஏதோ வரிசை என்று எனக்கு அப்போதே தட்டியது. ஆனால் வரிசையை விட்டு விலகினால் இடம் போய்விடும். ஒருவேளை விண்ணப்பத்தையும் இங்கேதான் கொடுக்கிறார்களாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் திறந்து கேட்க வெட்கம். பின்னால் நின்றவளும் கேட்கவில்லை.

ஒழுங்கையின் உள்ளே ஆளில்லாத ஒரு வீட்டின் ஜன்னல். ஜன்னலுக்குள் இருந்த மனிதர் கையை நீட்டினார். நான் பிறப்புப் பத்திரத்தைக் கொடுத்தேன். அவர் அதை விரித்து, மகளின் பெயரையும் தகப்பனின் பெயரையும் முழுவதும் வாசித்து, மறுபக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, கூப்பன் காட் வேணும். பிறந்ததுக்கெல்லாம் எண்ணெய் குடுக்கேலாது."

கூப்பனுக்குச் சாமான் கொடுக்கும் சங்கக்கடைக் கட்டடத்தில் குண்டு விழுந்த பிறகு அதை அந்த வீட்டுக்கு மாற்றியிருந்தார்களாம். பெயர்ப்பலகைகூட இல்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குறிச்சிக்கு மண்ணெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். தபால்கந்தோர் அண்ணை பார்த்த சைக்கிளும் நான் எண்ணிய சைக்கிளும் எண்ணெய்க்கு வந்தவை. எனக்குப் பின்னால் வரிசை முழுவதும் சிரித்தது. எனக்குக் கண் முட்டிவிட்டது. அப்போது அந்தக் குருநகர்ப் பெண் தன் பையைத் தூக்கிக் காட்டினாள். அதற்குள்ளும் ஒரு பிறப்புப் பத்திரம்.

"அக்கா, நானும் உதுக்குத்தான் வந்தனான். எங்கடை மனுசன் ஒரு கிழமை நிண்டு சைக்கிள் எண்ணினவர்" என்றாள். எங்கள் இருவருக்கும் பிறகு சிரிப்பு அடங்கவில்லை. ஒழுங்கை மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

திரும்பிப் போகத்தான் நினைத்தேன். அவள்தான் வந்ததுக்கு உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் போவோம் என்றாள். அலுவலக ஓடுகள் உடைந்திருந்ததால் அதிபர் விறாந்தையில் மேசை போட்டு இருந்தார். நடுத்தர வயதுப் பெண். மேசையில் விண்ணப்பங்கள் சணல் கயிற்றால் கட்டியபடியே இருந்தன, கட்டு அவிழ்க்கப்படவில்லை. யார் எங்களை அனுப்பியது என்று கேட்டார். குருநகர்ப் பெண் ஒளிக்காமல் சைக்கிள் கதையைச் சொன்னாள். அதிபர் சிரித்தார். சிரித்துவிட்டு, "மதிலுக்கு வெளியிலை ஒவ்வொரு நாளும் உவ்வளவு சனம். ஒருத்தரும் உள்ளுக்கை வாறேல்லை. நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார்.

கயிறு அவிழ்ந்தது. நாங்கள் வாங்கில் உட்கார்ந்து எழுதினோம். தாயின் கல்வி என்ற இடத்தில் என் பேனை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"நான் அஞ்சு. நீங்கள், அக்கா?"

"எட்டு" என்றேன் மெதுவாக.

"அப்ப நீங்கள் படிச்ச ஆள்."

அந்த இடத்தை வெறுமையாக விட்டே கொடுத்தேன். அதிபர் வாசித்துக்கொண்டு வந்து அந்த வரியில் நிறுத்தினார். அவர் கேட்கப்போகும் கேள்விக்காகத்தான் ஐந்து வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"பிள்ளை எண்ணுவாவோ?"

"ஓம்."

"எத்தினை வரைக்கும்?"

எனக்கு அந்த நேரம் உண்மையைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. "பொம்பர் போகும் மட்டும்" என்றேன். அவர் விளங்காமல் பார்த்தார். குண்டு போடும் பொம்பர் வந்து வீட்டுப் பங்கருக்குள் பதுங்கி இருக்கும்போது அவள் அழாமல் இருப்பதற்காக எண்ண வைப்பேன் என்று சொன்னேன். "இருநூறு மட்டும் தனிய எண்ணுவா. அதுக்கு மேலை நானும் சேந்து எண்ணுவன். ஒருநாள் எண்ணூறு மட்டும் போனது."

அதிபர் பேனையை என் பக்கம் நீட்டினார். "எட்டெண்டு வடிவா எழுதுங்கோ. ஏன் வெறுமையா விட்டனீங்கள்?" எழுதினேன். எட்டு கொஞ்சம் சரிந்துபோனது. தை மாதம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

வீட்டில் எண்ணெய் வரிசையைப் பற்றி நான் மூச்சும் விடவில்லை. ஆனால் சங்கக்கடை ஜன்னலில் இருந்தவர் என் கணவரிடம் விறகு வாங்குகிறவராம். பின்னேரம் என் கணவர் சைக்கிளை முருங்கையில் சாத்தியபடி, "இஞ்சருமப்பா, பிறப்புப் பத்திரத்துக்கு எத்தினை போத்தல் குடுத்தவை?" என்று கேட்டார். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், எட்டாம் வகுப்புப் பயம் முழுவதையும் அன்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் என் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டார். "நான் பத்திலை பெயில். என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார். எண்ணெய் வரிசைக் கதையை மச்சாளிடம் அவர் ஒருநாளும் சொல்லவில்லை. இன்று வரைக்கும் மச்சாளுக்குத் தெரியாது.

குருநகர்ப் பெண்ணும் நானும் எங்கள் எங்கள் சனத்திடம் பள்ளிக்கூடத்தைப் புகழ்ந்தோமே தவிர, எண்ணெயைச் சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். புகழத்தக்க பள்ளிக்கூடம் என்பது இன்னொன்று. முதலாம் ஆண்டில் இருபத்திரண்டு பிள்ளைகள்தான், ரீச்சருக்கு ஒவ்வொரு பிள்ளையின் இருமலும் தெரியும். அடுத்த வருடம் விண்ணப்பம் போதாமல் போனது. சங்கக்கடை பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகும் மதிலோரம் சைக்கிள் குறையவில்லை. இப்போது அவை பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் எங்களுடையவை. மச்சாள் தன் இளைய மகளை அங்கேதான் சேர்த்தார். தபால்கந்தோர் அண்ணை என்னைக் காணும்போதெல்லாம், "நான் அப்பவே சொன்னனானெல்லே" என்பார். நான் ஓம் என்பேன்.

பிள்ளைகள் கூடியதும் பள்ளிக்கூடத்தில் பெரிய பங்கர் வெட்ட வேண்டி வந்தது. அதை மூட ரயில் பாதையில் கழற்றிய சிலிப்பர் கட்டை ஒன்று கொடுக்கலாம், இல்லாவிட்டால் ஒரு குடும்பத்துக்கு முந்நூறு ரூபா என்று தீர்மானித்தார்கள். எங்களுக்குக் கட்டை கிடைக்கவில்லை. முதலில் நூறு கொடுத்தேன், பிறகு எழுபத்தைந்து, பிறகு ஐம்பது. மிச்சத்துக்காக நித்திரை இல்லாமல் தவித்து அதிபரிடம் போய் நின்றபோது, "பிள்ளை அஞ்சாம் ஆண்டு முடிக்கிற மட்டும் தவணை இருக்கு, போங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மகள் நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது சண்டை நெருங்கி வர, ஊரோடு ஊராக நாங்களும் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் ஐந்தாம் ஆண்டு படிக்கவே இல்லை. அதிபர் எங்கே போனார் என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. பங்கர்க் காசில் எழுபத்தைந்து ரூபா இன்னும் கொடுக்க இருக்கிறது.