பேனாவுக்குள் போன கூறைச்சேலைச் சரிகை

போன சனிக்கிழமை ஆறு பித்தளைக் குழாய்களைப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். என் பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்!

தர்ஷினிக்கு சுபாங் ஜெயாவில் ஆபீஸ் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கிள்ளானில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் பேனா செய்வாள். (ஆமாம், பெருமைதான்! கேட்காதவர்களிடமும் சொல்வேன்.)

சுண்டுவிரலைவிட ஒல்லியான குழாய். அதைச் சுற்றி ரெசின் என்ற பிசினை ஊற்றுவாள். அது கண்ணாடி போல இறுகியதும் மெஷினில் சுற்றவிட்டுக் கடைவாள். குழாய்க்குள் மைக்குச்சி போகும்.

அன்றைக்குச் செய்யவேண்டிய பேனா, போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் ஒருவருக்கு. மனைவி தவறிவிட்டார். கூறைச்சேலையை உடுத்தியே அந்த அம்மாவை அனுப்பிவிட்டாராம். ரவிக்கை தைத்தபோது மிஞ்சிய சரிகைத் துண்டு ஒன்றுதான் அவர் கையில் இருந்தது.

அதை வைத்து ஒரு பேனா. மகள் கல்யாணப் பதிவில் அந்தப் பேனாவால்தான் அவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டுமாம்.

எனக்கு அது மட்டும்தான் தெரியும். குழாயெல்லாம் கீறல் விழுந்து மங்கிக் கிடந்தன. நல்ல காரியத்துக்குப் போகும் பித்தளை இப்படியா இருப்பது? புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, விபூதியால் துடைத்து, வரிசையாக வைத்தேன். (பொட்டு மட்டும்தான் வைக்கவில்லை!)

"ஐயோ பாட்டி! யாரு இத தேச்சது?"

"நாந்தான். எப்படி மின்னுது பாரு!"

"அந்தக் கீறல் நான் போட்டது லா! ஒரு மணி நேரமா சேண்ட்பேப்பர்ல தேச்சேன்!"

"புதுக் கொழாய வேணும்னே கீறுனியா? பைத்தியமாடி ஒனக்கு?"

அவள் சிரிக்கவில்லை.

"வழுவழுன்னு இருந்தா ரெசின் பிடிக்காது பாட்டி. மெஷின்ல சுத்துறப்போ கழண்டு ஒடஞ்சிரும். அந்த அங்கிள்கிட்ட வேற துண்டு இல்ல."

சேண்ட்பேப்பருக்குக் கை நீட்டினேன்.

"குடு, நானே கீறித் தரேன்" என்று உட்கார்ந்தேன். அறுபது வருசமாகப் பித்தளையை மினுக்கிய கைக்கு, அதைச் சொரசொரப்பாக்குவது என்ன பாடு தெரியுமா!

அப்புறம் ஸ்பிரிட்டால் துடைத்தாள்.

"இனிமே தொடாதீங்க. வெரல்ல இருக்கற எண்ணெயே போதும், கெடுத்துரும்."

(நானோ தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்திருந்தேன். இரண்டு அடி தள்ளிப் போய்விட்டேன்.)

சரிகைத் துண்டை ஒரு குழாயில் சுற்றி ஒட்டினாள். ரெசின் உள்ளே போகாமல் இரண்டு முனையையும் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்தாள். அச்சில் வைத்து ஊற்றினாள். அச்சைக் குக்கர் மாதிரி ஒரு பானைக்குள் வைத்து மூடினாள். அதற்கு அடுப்பு கிடையாது, காற்றடித்தே குமிழியை அடக்கிவிடுகிறது!

ஞாயிற்றுக்கிழமை மெஷினில் பூட்டினாள்.

"சத்தம் மாறுனா கழண்டுச்சுன்னு அர்த்தம் பாட்டி."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தேங்காய்ப்பூ மாதிரி ரெசின் சுருள் சுருளாக விழுந்தது. முருகா, முருகா, முருகா. சத்தம் மாறவே இல்லை!

பாலிஷ் போட்டு என் கையில் கொடுத்தாள். தண்ணீருக்குள் சேலை மிதக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு சரிகை இழையும் தனியாகத் தெரிந்தது. நேற்று நெய்தது போல!

இன்று அந்த லோரிக்காரர் வந்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுதிப் பாருங்க தம்பி" என்றேன்.

"வேணாம்மா. மொத எழுத்து மக கல்யாணத்துல."

பிறகு தர்ஷினியிடம் கேட்டார், "இது எத்தன வருசம் தாங்கும்மா?"

"பேரப்புள்ள கல்யாணத்துக்கும் இதுலயே கையெழுத்துப் போடலாம் அங்கிள். மை மட்டும் மாத்திக்குங்க."

அதுவரை கண் கலங்காத மனிதர், அப்போதுதான் அழுதார்.

என் பேத்தியை அப்புறம் பாராட்டலாம். முதலில் அந்தக் கல்யாணப் பெண்ணுக்குக் கீழே ஒரு வாழ்த்து எழுதிவிட்டுப் போங்கள்!