மேல்பல்லும் இடது கண்ணும்

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கியதால் கண் பார்வை போன ஒருவரையாவது நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? யாரோ சொல்லக் கேட்டவரை அல்ல, பக்கத்து ஊர்க்காரரின் சித்தியை அல்ல. பெயரும் ஊரும் சொல்லக்கூடிய ஒருவரை. இல்லையென்றால், அந்தப் பயத்தை ஏன் இன்னும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

அந்தப் பயம் அன்புச்செல்வியை என்ன செய்தது என்று கேளுங்கள்.

1996இல் அவளுக்குப் பத்தொன்பது வயது. அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை டியூப் லைட்டின் கீழ் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொங்குகிற நூலை வெட்டி அடுக்க வேண்டும். கண் இருந்தால்தான் அந்த வேலை. அது இல்லையென்றால் அப்பா காளிச்சாமியைப் போல அடுத்தவர் தோட்டத்தில் குனிந்துதான் பிழைக்க வேண்டும்.

அவளுக்கு மேல்வரிசையில் இரண்டு பக்கமும் தெத்துப்பல். அதன் இடுக்கில் சோறு சிக்கி ஈறு கசியும். சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். காளிச்சாமிக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. தோட்டத்து முதலாளியான பண்ணாடியின் முன்னால் எட்டி நின்று, தன் மூச்சுக்காற்று அவர் மேல் பட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்தியே முப்பது வருடம் பேசியவர் அவர். ஒரு மனிதனின் மூச்சுக்கே தீட்டு கற்பித்த நாடு இது.

“எம்பட காலம் பொத்திப் பொத்தியே போயிருச்சு. நீ யாருக்காக வாயப் பொத்தற, கண்ணு? கோயமுத்தூர் போயி அந்தப் பல்ல நேராக்கிட்டு வா” என்றார்.

கோவை காந்திபுரத்தில் பல் டாக்டர் உம்மல் குல்சும் அவளைப் பார்த்தார். தாடையில் இடம் போதவில்லை, மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பல்லை எடுத்தால்தான் கிளிப் போட முடியும் என்றார். எடுத்தார். புண் ஆறியதும் கம்பியும் போட்டுவிட்டார். ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் பல் விளக்க வேண்டும், கம்பிக்கு மேலேயும் கீழேயும் பிரஷ் போக வேண்டும், முறுக்கும் கமர்கட்டும் கூடாது, மாதம் ஒருமுறை வந்து கம்பியை முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கடைசியாக, “பனியன் கம்பெனின்னு சொன்னே. பல்லுல நூல் கடிக்கவே கூடாது” என்றார்.

செக்கிங் மேசையில் எல்லோரும் பல்லில்தான் நூல் கடிப்பார்கள். நூல் வெட்டும் கட்டரைக் கையில் எடுப்பதற்குள் பல் நான்கு நூலை அறுத்துவிடும். அன்புச்செல்வி முன்பல்லை விட்டுவிட்டு ஓரப்பல்லால் கடிக்கத் தொடங்கினாள்.

“என்ன அம்மணி, வாய்க்குக் கம்பிவேலி போட்டுப்போட்டே. மாடு மேஞ்சுருமுன்னா?” என்றாள் எதிரில் நின்ற பங்காரம்மா. மேசையே சிரித்தது. அன்புச்செல்வியும் சிரித்தாள்.

பக்கத்தில் நின்ற சென்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் வயதில் மூத்தவள் அவள்தான்.

“இதுக்குப் பல்லு கில்லு புடுங்குனாங்களா?”

“ரெண்டு புடுங்குனாங்கக்கா.”

“மேலயா, கீழயா?”

“மேலதானுங்க்கா.”

சென்னியம்மாள் கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தாள். “உங்கம்மாளுக்குத் தெரியுமா? எங்க பெரியம்மா ஒருத்தி மேல்பல்லப் புடுங்கிப்போட்டு வந்தா. ஆறே மாசம். ரெண்டு கண்ணும் பூத்துப் போச்சு. மேல்பல்லு நரம்பு கண்ணுலதான் போயிப் புடிக்குதாமா.”

பத்து நிமிடம் கழித்து அன்புச்செல்வி யாரும் பார்க்காதபோது இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். எதிர்ச்சுவர் ஓரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டியின் எழுத்து தெளிவாக இருந்தது. வலது கண்ணைப் பொத்தினாள். எழுத்து கலைந்து, பெட்டி வெறும் பழுப்புத் திட்டாக நின்றது.

அன்று மட்டும் இருபது தடவையாவது பொத்திப் பார்த்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். அம்மா பாவாத்தாள் திட்டுவாள் என்று மேல்பல் எடுத்த விஷயத்தையே அவளிடம் மறைத்திருந்தாள். காலையில் கண் விழித்ததும் முதலில் இடது கண்ணால் கூரை ஓடுகளை எண்ண முயல்வாள். ஓடுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். நேற்றைவிட இன்று அதிகமாகக் கலந்திருக்கிறதா என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவளை வாட்டியது.

பல் விளக்கும்போது பிரஷ் மேல்கம்பியில் பட்டால் எலும்பு வழியாக ஒரு அதிர்வு ஏறும். கம்பி கண் நரம்பை இழுக்கிறது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அன்றிலிருந்து மேல்வரிசையை விளக்குவதை நிறுத்தினாள். கீழ்வரிசையை மட்டும் மூன்று வேளையும் அக்கறையாக விளக்கினாள். மேலே வெறும் தண்ணீர் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. கம்பி முறுக்கப் போக வேண்டிய நாளிலும் போகவில்லை.

ஐந்து வாரம் சென்றது. மேல் ஈறு வீங்கிக் கம்பியை மூடியது. வாய் நாறியது. பிறகு ஒரு காலையில் இடது கன்னம் முழுக்க வீங்கி, கண் பாதி மூடிக்கொண்டது. பயம் தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே தயாரித்துவிட்டது.

பாவாத்தாள் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

“ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டியா? கண்ணப் புடுங்கிக் குடுத்துப்போட்டு வந்து நிக்கற” என்றாள். மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, சந்தைக்குப் பக்கத்தில் பல் புழு எடுக்கிற ஆளிடம் போனாள்.

அவன் அன்புச்செல்வியின் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு நிமிடம் பார்த்தான். “கம்பி நரம்பச் சுத்தி இறுக்கியிருக்குதுங்க. இத அறுத்து எடுத்துப்போட்டா கண்ணு திரும்பிரும்” என்றான். ஒரு பையிலிருந்து குறடை எடுத்து வேட்டியில் துடைத்தான்.

குறடின் நுனியில் துரு இருந்தது. அது உதட்டைத் தாண்டி உள்ளே வருவதை அவள் வலது கண்ணால் பார்த்தாள். கம்பியைக் கவ்வி ஒரு இழுப்பு. ஈறு கிழிந்து சீழும் ரத்தமுமாக நாக்கில் வழிந்தது. இரண்டாவது இழுப்புக்குள் அவன் கையைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினாள். பாவாத்தாள் பின்னாலேயே ஓடி வந்தாள். பஸ் ஸ்டாண்டில் கோவை வண்டி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. மகள் ஏறினாள். அம்மாவும் ஏறினாள்.

பாதி வழியில் பாவாத்தாள் மெதுவாகக் கேட்டாள். “இப்ப எவ்வளவு கண்ணு தெரியுது?”

வீங்கிய கண்ணை விரலால் திறந்து ஜன்னல் வழியே பார்த்தாள் மகள். “புளியமரம் தெரியுதும்மா. எல தெரியல.”

பாவாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் உம்மல் குல்சும் திட்டவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சீழை வெளியேற்றி, ஈறுக்குள்ளிருந்து இடுக்கியால் எதையோ இழுத்தார். ஒரு சிறிய வெள்ளை நூல். அதைப் பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார்.

“இதாலதான் வீக்கம். இத்தன நாளா உள்ள கெடந்து அழுகியிருக்கு. மேல்வரிசைய விளக்கறதே இல்லையா?”

“கம்பி கண்ணு நரம்ப இழுக்குதுங்க டாக்டரம்மா. எடது கண்ணு போயிருச்சுங்க.”

“பல்லு எடுக்கறதுக்கு முன்னாடி எப்பவாவது ஒரு கண்ணப் பொத்திப் பாத்திருக்கியா?”

அன்புச்செல்வி யோசித்தாள். “இல்லீங்க.”

“அப்பறம் பல்லாலதான் போச்சுன்னு எப்படித் தெரியும்?”

பாவாத்தாள் குறுக்கிட்டாள். “கம்பெனில சென்னியம்மான்னு ஒருத்திங்க. அவ பெரியம்மாளுக்குப் போச்சுங்களாமா.”

“அந்த அம்மாவுக்கு வயசு?”

“அவளே வயசுல மூத்தவளாமாங்க. அவ பெரியம்மான்னா எளுவது இருக்குமுங்க.”

“எழுவது வயசுல பல்லும் போகும், கண்ணுல புரையும் வரும். பல்லு மேல பழி போட்டுட்டாங்க. அந்தப் புரைய எடுத்திருந்தா இன்னும் பாத்துட்டிருப்பாங்க” என்றார் டாக்டர். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, “நெசமாவே கண்ணுக்கு ஆபத்து வந்துச்சும்மா. பல்லு புடுங்குனதால இல்ல. இந்தச் சீழ் இன்னும் நாலு நாள்ல மேல ஏறியிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது” என்றார்.

வீக்கம் வடிந்ததும் கண் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே சொன்னது இதுதான்: இடது கண் குழந்தையிலிருந்தே மங்கல். ஐந்தாறு வயதில் கண்ணாடி போட்டிருந்தால் பார்வை வளர்ந்திருக்கும். இனிமேல் கண்ணாடி கொஞ்சம்தான் உதவும். வலது கண் நன்றாக இருக்கிறது, அது போதும், வேலைக்குப் பயமில்லை.

பத்து வருடம் பள்ளிக்கூடம் போனவள் அவள். தினமும் காலையில் வரிசையில் நிறுத்திப் பாட வைத்தார்கள். நகம் வெட்டவில்லை என்று அடித்தார்கள். அவளுடைய ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் படிக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ணைத் திருடியது யார் என்று கேட்டால் ஊர் பல்லைக் கைகாட்டும். பல் வாய் திறந்து மறுக்காது அல்லவா.

அன்புச்செல்வி மறுநாளே மேல்வரிசையை விளக்கினாள். பிரஷ் கம்பியில் படும்போதெல்லாம் நிறுத்தி, வலது கண்ணைப் பொத்திப் பார்த்துக்கொண்டாள். காரணம் தெரிந்த மறுநிமிடமே பயம் போய்விடும் என்று நினைப்பவர்கள் பயந்தவர்கள் அல்ல. கம்பி முறுக்கப் போன ஒவ்வொரு மாதமும் நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாவாத்தாள் ஒரு மாதமும் வராமல் இருந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவளும் பயந்தபடியேதான் நிற்பாள். 1998 கோடையில் கிளிப்பைக் கழற்றினார்கள்.

இதைப் படிக்கும் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. இப்போதே எழுந்து போய் உங்கள் பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஒரு கண்ணைப் பொத்தி, தூரத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை. அப்படியே வாயைத் திறக்கச் சொல்லி மேல்வரிசையைப் பாருங்கள். ஈறு வீங்கியிருந்தால், பல் சொத்தையாக இருந்தால், நாளைக் காலை பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உங்களுக்கும் பயமாக இருந்தால் பரவாயில்லை, பயந்துகொண்டே கூடப் போங்கள்.