சுரைக்காய்க்கு எழுபத்து நான்கு

காலை நடை முடிந்து உழவர் சந்தையில் நானும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவும் வாட்ச்சுகளை ஒப்பிட்டோம். என்னுடையது மலிவு, அவருடையது விலை கூடியது. நடந்த கணக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"நாடித்துடிப்பு சரியாக் காட்டுதா?" என்று அக்கா என் வாட்ச்சைக் கழற்றி, நான் வாங்கிய சுரைக்காயின் கழுத்தில் கட்டினார்.

எழுபத்து நான்கு.

காய்க்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அக்காவின் வாட்ச் சுரைக்காய்க்கு வெறும் கோடு காட்டியது. "அம்புட்டு வெலைக்கு இதாவது தெரியணும்ல!" என்றார் அக்கா.

அதையே என் கையில் கட்டினோம். கோடு. இறுக்கிக் கட்டினோம். கோடு. அக்கா கைக்குத் திரும்பியதும் எண்பத்தொன்று.

காய்க்காரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஏத்தா, வீட்டுக்குப் போயி செத்த நேரம் படு."

என் வாட்ச்சை மறுபடி கட்டிக்கொண்டேன். அதே எழுபத்து நான்கு.

சுரைக்காயை அரிய மனம் வரவில்லை. மதியத்துக்கு வேறென்ன வெஞ்சனம் வைக்கலாம், சொல்லுங்கள்.