கம்பத்தில் ஆடும் தகரம்

பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார் அவர். வெயில் பட்டறியாத ஒல்லி உடம்பு. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொள்வார். விமானத்திலிருந்து ஏவிக் கப்பலைத் தாக்கும் ஏவுகணையை மலிவாகச் செய்யப் பார்க்கும் இடத்தில் வேலையாம். அதைக் கேட்டதும் அவரோடு கதைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஊரான சாய்ந்தமருதில் பழுதுபார்க்கக் கரையேற்றியிருந்த எங்கள் ஆழ்கடல் படகை ஒருநாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கம்பத்தில் ஆடிய பிஸ்கட் தகரங்களைக் காட்டி, "இது என்னத்துக்குக் காக்கா?" என்று அண்ணன் முறை வைத்து என்னிடம் கேட்டார்.

"பெரிய கப்பல்ட ரேடார்ல நாங்க தெரியத்தான். இல்லாட்டி இருட்டுல இடிச்சிட்டுப் போயிருவான்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஏவுகணையில விலை கூடின சாமான், கப்பலைத் தேடுற அதுர கண்தான். அதுவும் ஒரு ரேடார்தான். அதுல காசு மிச்சம் பிடிச்சா, உங்கட தகரமும் போர்க்கப்பலும் அதுக்கு ஒண்டுதான்."

நான் கம்பத்தடிக்குப் போனேன். "அப்ப, தகரத்தக் கழட்டவா?"

"வேணாம் காக்கா. நீங்க தொங்கப் போடுங்க. கண்ணைத் திருத்துறது எங்கட வேலை. போய்ச் சொல்லுறன்."

சொன்னாரா, சொன்னதைக் கேட்டார்களா, தெரியாது. ஆனாலும் கடலுக்குப் போகுமுன் தகரத்தைக் கட்டும்போதெல்லாம், ஏவுகணை செய்யும் அந்த மனிதருக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன்.