ஏற்றுமதிக் குழாய்

பொம்மசந்திராவில் மருத்துவச் சாதனங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் மங்களத்துக்கு ஆறு வருட வேலை. விரல் நீளம்கூட இல்லாத சிலிகோன் குழாய்களை லென்ஸின் கீழ் வைத்து, பிசிறு இருக்கிறதா, பக்கவாட்டுத் துளைகள் நாலும் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை உடம்பில் எங்கே போகும் என்று யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. எல்லாம் ஏற்றுமதிச் சரக்கு.

முப்பத்திரண்டு வயதில் அவளுடைய கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தது. அந்த இடத்தைக் கூம்பு போல வெட்டி எடுத்தார்கள். "தப்பிச்சிட்டீங்க. இனி குழந்தைக்கு முயற்சி பண்ணலாம்" என்று அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த இரண்டு மாதமும் மாதவிலக்கு வரவில்லை. கணவன் பாலகுமார் அவசரப்பட்டு தருமபுரியில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டான். ஹெப்பகோடியில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு மாமியார் வளையலோடு வந்து இறங்கினாள். மூன்றாம் மாதம் மங்களம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்த இடத்திலேயே சுருண்டு விழுந்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் ஸ்ரீவித்யா ஒளிக்காமல் சொன்னார். "குழந்தை இல்லம்மா. வெட்டுன இடம் ஆறும்போது வாய் சுருங்கி மூடிக்கிச்சு. ரத்தம் வெளிய வர வழியில்லாம உள்ளயே தேங்கியிருக்கு."

"எல்லாருக்கும் இப்பிடித்தான் ஆவுமா?"

"இல்ல, சிலருக்கு. அப்பவே ஒரு சின்னக் குழாய் வச்சிருந்தா மூடாம இருந்திருக்கலாம்." செல்போனில் படம் காட்டினார்.

மங்களம் பார்த்தாள். "பக்கத்துல நாலு ஓட்டை இருக்கும்," என்றாள். "தெனம் நானூறு பாக்குறேன் மேடம்."

டாக்டர் செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "அது நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்றதில்லம்மா," என்றார்.

மாமியார் அன்றே பஸ் ஏறினாள்.

மறுநாள் மங்களம் சூப்பர்வைசர் ஓஸ்வால்டிடம் போய் நின்றாள். "ஒண்ணே ஒண்ணு சார். டாக்டர் லெட்டர் தர்றாங்க."

"இங்க விக்க நமக்கு லைசென்ஸே இல்லம்மா. கழிச்சதைக்கூட வெட்டித்தான் போடுறோம், உனக்குத் தெரியாதா?" அவர் நல்லவர்தான், மேலிடத்திலும் கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை.

டாக்டர் கர்ப்பப்பை வாயை விரித்து, தேங்கியதை வடித்து, மூத்திரம் வடிக்கும் ரப்பர் குழாயிலிருந்து ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்தார். ஒன்பதாம் நாள் அது நழுவி விழுந்தது. வாய் மூடிக்கொண்டது. மறுபடி விரித்தார்கள், மறுபடியும் மூடியது. ஒரு வருடம் போனபின், "கர்ப்பப்பைய எடுத்துடுங்க மேடம், என்னால முடியல" என்று மங்களமே கேட்டாள். பாலகுமார் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவில் நின்று அழுதான்.

கர்ப்பப்பை போன ஆறாவது வாரம் வேலைக்குத் திரும்பியவள், வேறு செக்‌ஷன் கேட்டாள். "உன் கண்ணு மாதிரி யாருக்கும்மா இருக்கு?" என்று ஓஸ்வால்ட் மறுத்துவிட்டார். மதியச் சாப்பாடு வரை உட்கார்ந்து பார்த்தாள். சாப்பாட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

இப்போது அத்திபெலே பக்கம் கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். நல்ல வேலையை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம், கண் வலி என்கிறாள்.