புளி போட்டு மினுக்கிய கோதுகள்

பழப்புளியின் வாசமும் சுட்டு ஓய்ந்த வெடிமருந்தின் நெடியும் கலந்தால் எப்படியிருக்கும் என்று உங்களில் அநேகருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் குசினித் தொட்டியில், நான் சிறுமியாக இருந்தபோது, ஒரு சரஸ்வதி பூசைக்கு முதல்நாள் அவை இரண்டும் கலந்தன. அந்த வாசம் போக ஒரு கிழமை எடுத்தது. அதனால் வந்த கசப்பு இன்னும் போகவில்லை.

அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தவர். பத்து வருடங்களாக 'அகதி' என்ற ஒரே பெயரோடு திரிந்த மனிதரை மேல்வீட்டு மன்ஃபிரெட்தான் குறிபார்த்துச் சுடுகிறவர்களின் சங்கத்துக்கு, எங்கள் வீட்டுப் பேச்சில் 'ஃபெரைனு'க்கு, கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். அங்கேதான் ஜெர்மன்காரர்கள் அப்பாவை முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வேறெதற்கும் கண்டதில்லை. பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரங்கள் எல்லாம் எடுத்து, ஒரு பழைய துவக்கும் வாங்கிவிட்டார்.

அம்மா கொதித்துப் போனார். அவருடைய தம்பியை ஊரில் துவக்குத்தான் தின்றிருந்தது.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இஞ்சை வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்குதோ?" என்று கேட்டார்.

"அங்கை மனிசரைச் சுட்டவங்கள். இஞ்சை கடதாசியைத்தானே சுடுறம்" என்றார் அப்பா.

அம்மா சமாதானமாகவில்லை. துவக்கு இரும்புப் பெட்டியில் பூட்டிக்கிடந்தது. மற்றச் சாமான்களை எல்லாம் 'கெல்லர்' என்கிற நிலவறையில் வைத்துக்கொள்ள வேண்டும், படியேறி மேலே வரக்கூடாது என்பது கட்டளை.

அந்தக் கெல்லரில்தான் சனிக்கிழமைகளில் அப்பாவும் மன்ஃபிரெட்டும் சுட்ட ரவைகளின் பித்தளைக் கோதுகளைத் திரும்பப் பாவிக்கத் தயார் செய்வார்கள். வெடித்ததும் கோது ஊதி, தான் இருந்த துவக்கின் வயிற்றளவுக்கு அப்படியே படிந்துவிடும். கழுத்தும் அகன்றுபோவதால் புதுக் குண்டு அதில் இறுகி நிற்காது. ஆகவே கழுத்தை மட்டும் ஓர் எஃகு அச்சுக்குள் விட்டு, பிடியை இழுத்து நெருக்குவார்கள், உடம்பைத் தொடமாட்டார்கள். அதே துவக்குக்குள் அது கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் போய் இருக்கும், குறியும் நேராக விழும் என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால் இன்னொருவருடைய துவக்குக்குள் போகுமென்று சொல்ல ஏலாது. இருவருடைய துவக்கும் ஒரே ரகம். அப்பாவுடையது பழசு, வயிறு கொஞ்சம் அகலம். அதனால் அப்பாவின் கோதுகள் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவிலும் மன்ஃபிரெட்டின் கோதுகள் ஒரு பிஸ்கற் தகரத்திலும் இருந்தன. கோதுகளின் அடியில் ஆளுக்கொரு நிறத்தில் மைக்கோடும் இருந்தது.

அந்த வருடம் நவராத்திரியில் அம்மாவின் மனம் எப்படி இளகியதோ தெரியாது. பூசைக்கு முதல்நாள், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம், அம்மா தானே கெல்லருக்கு இறங்கிப் போனார். டப்பாவும் தகரமுமாக மேலே வந்து, இரண்டையும் தொட்டிக்குள் கவிழ்த்து, குத்துவிளக்கோடு சேர்த்துப் பழப்புளியும் உப்பும் போட்டு மினுக்கு மினுக்கென்று மினுக்கினார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "கொப்பாவின்ரை சாமானும் சாமியடியிலை இருக்கட்டன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பழைய சேலைத் துண்டால் துடைத்து, காயவைத்து, டப்பாவில் பாதியும் தகரத்தில் பாதியுமாகப் போட்டார். மைக்கோடுகள் புளியோடு போய்விட்டிருந்தன. அவருக்கு எல்லாம் ஒரே பித்தளைதான்.

அப்பா வந்து, என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அவை பொன்போல மினுங்குவதைப் பார்த்தார். "வடிவாக் கிடக்கு" என்று மட்டும் சொன்னார். அம்மா சிரித்தார். அவர்கள் இருவரும் ஒன்றாகச் சந்தோசமாக இருந்ததாக எனக்கு நினைவிருக்கும் கடைசிப் பூசை அதுதான். இரண்டு பெட்டியும் நிரம்பியே இருந்ததால் அப்பாவுக்குச் சந்தேகம் வரவில்லை. கேட்கவுமில்லை. அந்தச் சனிக்கிழமை மன்ஃபிரெட்டும் அவருமாக வடையைக் கடித்துக்கொண்டு கழுத்துகளை நெருக்கி, புதிதாக மைக்கோடும் போட்டு, அடுத்த நாள் ஃபெரைனின் போட்டிக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

போட்டியில் மன்ஃபிரெட்டின் துவக்கு வாய்மூட மறுத்துவிட்டது. கோது பாதியில் இறுகி, பின்னுக்கும் வராமல் முன்னுக்கும் போகாமல் நிற்க, அவருடைய நேரம் முடிந்துபோனது. அப்பாவின் துவக்குக்குள் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. அன்றைக்கென்று அவருக்குக் குறியும் நன்றாக விழுந்தது. அதுதான் வினையாயிற்று. தான் வெல்வதற்காக வேண்டுமென்றே மாற்றி வைத்தானோ என்று யாரோ ஒருவர் சிரித்தபடி கேட்டாராம். மற்றவர்கள் சிரிக்கவில்லையாம். எத்தனையோ சனிக்கிழமை எங்கள் வீட்டு வடையைத் தின்ற மன்ஃபிரெட், "இல்லை, இவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து துவக்கை உறையில் போட்டுக்கொண்டிருந்தாராம். அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், குசினி வாசலில் நின்றுகொண்டு, "ரண்டையும் ஒண்டாப் போட்டே கழுவினது?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் விளங்காமல், "ஓம், ஏன்?" என்றார். அம்மாவை எப்போதும் 'நீர்' என்று பேசுகிறவர் அன்று 'நீ' என்றார்.

"இப்ப சந்தோசமோ? நினைச்சதைச் செய்து முடிச்சிட்டாய்."

ஃபெரைனில் தன்மேல் எறியப்பட்ட பழியை, வரும் வழியெல்லாம் கைக்குள் பொத்திக்கொண்டு வந்து, அப்படியே அம்மாவின் தலையில் போட்டார். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தார், அவ்வளவுதான்.

துவக்கு விற்கப்பட்டது. மன்ஃபிரெட் கொஞ்ச நாள் படிக்கட்டில் தலையை மட்டும் ஆட்டினார், பிறகு வீடு மாறிப் போய்விட்டார். அம்மா குத்துவிளக்கைப் பேப்பரில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு ஒரு சில்வர் விளக்கு வாங்கினார். சில்வரை மினுக்கத் தேவையில்லை.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், காரில் இருவரும் தனியே போகையில், "அப்பா, அம்மா அதைப் பூசைக்கெண்டுதான் மினுக்கினவா" என்றேன்.

"தெரியும். அண்டைக்கே தெரியும்" என்றார்.

"அப்ப அதை அம்மாட்டைச் சொல்லுங்கோவன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்னால், தானும் அந்தச் சங்கத்து மனிதர்களில் ஒருவராக நடந்துகொண்டதை ஒப்புக்கொள்ள வேண்டுமே! அதற்கு அவருக்கு மனம் வரவில்லை, இந்த வயதிலும் வரவில்லை.

கெல்லரில் இப்போது அரிசி மூட்டைகளும் என் பழைய சைக்கிளும் இருக்கின்றன. போன சரஸ்வதி பூசைக்கு அப்பா அம்மாவிடம் போயிருந்தேன். சாமியடியில் என் லப்டொப், என் மகளின் புத்தகப்பை, அம்மாவின் கத்தரிக்கோல். பக்கத்தில் ஓர் ஐஸ்கிறீம் டப்பா வைக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. அம்மா வழக்கம்போலக் கேட்டார்.

"இஞ்சாருங்கோ, உங்கட சாமான் ஒண்டும் வைக்கேல்லையோ?"

"என்னட்டை என்ன கிடக்கு வைக்கிறதுக்கு?" என்றார் அப்பா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் தன் பையை அந்த இடத்துக்கு நகர்த்தப் போனாள். அம்மா அவளுடைய கையைப் பிடித்து, பையைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுக் கற்பூரத்தைக் கொளுத்தினார்.